நாலு செமஸ்டர் கணக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், புதிதாக முதுகலை சேர்ந்த ஒரு பெண் ஏறி உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் பக்கத்துச் சீட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும்: “எம்.காம். முடிச்சிட்டு என்னா பண்ணப்போற பாப்பா?” பதிலும் பெரும்பாலும் தயாராகவே இருக்கும்: “நெட் எழுதணும்க்கா. இல்லன்னா பி.எட். பண்ணிட்டு டி.ஆர்.பி. அதுவும் இல்லன்னா டி.என்.பி.எஸ்.சி.”

இந்தப் பதிலை முதுகலை மாணவர் பலரும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மூன்றும் நல்ல வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் தகுதி வேறு, காலம் வேறு, படிக்க வேண்டியதும் வேறு. மூன்றையும் ஒன்றாகச் சொல்லும்போது ஓர் ஆசையைச் சொல்கிறோம். குறிக்கோள் இன்னும் பிறக்கவில்லை. முதுகலைக்கு இருப்பது இரண்டே ஆண்டு, நாலு செமஸ்டர். அது முடிகிற நேரத்தில் மூன்று வழியிலும் கால்வாசி தூரம் நடந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சேரும் மாதத்திலேயே இதை எப்படித் தெளிவாக்கிக்கொள்வது என்பதுதான் இங்கே விஷயம்.

நம் பக்கத்துக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம்? விழுப்புரம் மாவட்டம் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது 1993-ல். கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு, மாநிலச் சராசரி 80.09. இந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு வருபவை விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்கள். செஞ்சி, மரக்காணம், மயிலம், திருவெண்ணெய்நல்லூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பல வீடுகளில் இவர்கள்தான் முதல் பட்டதாரி; அப்படியென்றால் முதல் முதுகலைப் பட்டதாரியும் இவர்களே. நெட் என்றால் என்ன, எப்போது எழுத வேண்டும், எழுதினால் என்ன கிடைக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை காதில் விழுந்தே தெரிந்துகொள்ளும் விஷயத்தை இந்தப் பிள்ளைகள் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு எண்ணும் மனதில் இருக்கட்டும். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உயர்கல்வி படிக்கும் நூறு பேரில் ஏறக்குறைய 79 பேர் இளநிலையில் இருக்கிறார்கள். முதுநிலையில் இருப்பவர்கள் 12 பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருவராக வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இந்த இடத்தை என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து யோசிப்பது நியாயமான செலவு.

முதல் வேலை, மனதில் இருக்கும் வேலையின் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த வேலை என்ன தகுதி கேட்கிறது என்று எழுதிப் பார்ப்பது. பெரிய பெரிய குழப்பங்கள் இங்கேயே தெளிந்துவிடும்.

டி.என்.பி.எஸ்.சி.யை எடுத்துக்கொள்வோம். குரூப் 4-க்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. குரூப் 2-க்கு ஒரு பட்டம். யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்கும் பட்டம் போதும். வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 32, ஓ.பி.சி.க்கு 35, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37. இவற்றில் எதற்கும் முதுகலை தேவையில்லை. அதாவது குரூப் 2 எழுதுவதுதான் உங்கள் உண்மையான எண்ணம் என்றால், அந்தத் தகுதி இளநிலை முடித்த அன்றே உங்களுக்கு வந்துவிட்டது. அப்படியானால் முதுகலை எதற்கு? இதற்கு நேர்மையான பதில்கள் உண்டு. பாடத்தின் மேல் பிரியம் ஒரு பதில். தேர்வுக்குப் படிக்க ஒரு நூலகமும் இரண்டு ஆண்டு அவகாசமும் கிடைக்கும் என்பது இன்னொரு பதில். “வீட்டில் உட்கார்ந்தால் கல்யாணம் பேசிவிடுவார்கள், அதனால் சேர்ந்தேன்” என்பதும் பதில்தான். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பதிலாக இருந்தாலும் தனக்குத்தானே அதை ஒளிக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதைப் பொறுத்து நாளின் நேரப் பங்கீடே மாறிவிடும். குரூப் 2-தான் இலக்கு என்றால், செமஸ்டர் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொண்டு மீதி நேரத்தைப் பொது அறிவுக்கும் தமிழுக்கும் கணக்குக்கும் கொடுப்பதில் குற்றவுணர்வு வேண்டியதில்லை.

மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக வேண்டும் என்பவர்களுக்கு விதி வேறு. முதுகலையோடு பி.எட். வேண்டும்; அது முதுகலைக்குப் பிறகு தனியாக இரண்டு ஆண்டு. ஆக, இன்று சேர்பவர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுதத் தகுதி பெற நாலு ஆண்டு ஆகும் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இங்கே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் படிப்பவர்களைக் ‘கிராஸ் மேஜர்’ என்பார்கள். ஆசிரியர் பணியில் இரண்டும் ஒரே பாடமா, இணையான பாடமா என்று பார்ப்பார்கள். பாடம் மாறிச் சேர்ந்திருப்பவர்கள் முந்தைய டி.ஆர்.பி. அறிவிக்கையை எடுத்து, தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்துவிட வேண்டும், அதுவும் சேர்க்கை முடிவதற்குள்.

கல்லூரி ஆசிரியர் ஆவதற்கும் ஆராய்ச்சிக்கும் நெட். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று என்று நடக்கிறது. முதுகலையில் பொதுப்பிரிவினர் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50. படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிறகு குறித்த காலத்துக்குள் பட்டத்தை முடித்துக் காட்டினால் போதும். நல்ல மதிப்பெண் வந்தால் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. அப்பா கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இந்தத் தொகைக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முனைவர் பட்டம் படிப்பது செலவு என்று நினைக்கும் குடும்பத்துக்கு அது ஒரு சம்பளமாக மாறுகிறது. ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30, பிரிவுகளுக்கும் பெண்களுக்கும் தளர்வு உண்டு. 2024 ஜூன் சுற்றிலிருந்து நெட் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் ஜே.ஆர்.எஃப். இல்லாமல் அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்வதென்றால் அது ஓராண்டுதான் செல்லும். தமிழ்நாட்டின் செட் தேர்வு மாநிலத்துக்குள் உதவிப் பேராசிரியர் தகுதியைத் தரும், உதவித்தொகையைத் தராது. முனைவர் பட்டமோ 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு. எம்.ஃபில். என்ற இடைப்படி இப்போது இல்லை. அக்கா, அண்ணன்மார் போன அந்த வழியை மனதில் வைத்துத் திட்டம் போட்டுவிடக் கூடாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010-ல் வந்த சட்டம். 2020-ல் அதைத் திருத்தி, பள்ளிப் படிப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்றாக்கினார்கள். இதன் விளைவை நிதானமாகப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்த ஒருவர், முதுகலையை ஆங்கில வழியில் படிக்கிறார். பட்டம் மட்டும் கேட்கும் குரூப் 2-ல் அவருக்கு ஒதுக்கீடு கிடைக்கும். முதுகலை கேட்கும் பதவியில் கிடைக்காது. ஆங்கில வழி தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு அதுவே உதவியாகவும் இருக்கும். எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும் என்பதுதான்.

அரசு வேலை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாக் கனவையும் அடக்கிவிடுவதும் இங்கே வழக்கமாக இருக்கிறது. சுற்றிலும் நிலைமை கொஞ்சம் மாறிவருகிறது. திண்டிவனம் சிப்காட்டில் உணவுப் பூங்கா வந்திருக்கிறது; டாபர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க 2024 ஆகஸ்டில் மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறந்தது. வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் முதுகலைக்காரர்களுக்கு ஆலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் ஒரு இயல்பான இடம். அங்கே நேர்காணலில் எந்தக் கருவியைக் கையால் இயக்கியிருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே அந்த வழியில் போகிறவரின் குறிக்கோளில் மதிப்பெண்ணோடு கருவிகளின் பெயர்களும் இருக்க வேண்டும்: எந்தெந்தக் கருவியை, எந்த செமஸ்டருக்குள், எத்தனை முறை.

இனி இரண்டாவது வேலை, நாளை எண்ணுவது. இதில் நம் ஊர் விவசாயியிடம் ஒரு வழி இருக்கிறது. மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறவர் எந்த நாளில் பிடுங்க வேண்டும், அப்போது மழை இருக்குமா, ஆள் கிடைக்குமா என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி நாளை எண்ணித்தான் விதைப்பைத் தீர்மானிக்கிறார். டி.எம்.வி. 7 என்றால் சுமார் நூற்றைந்து நாள். (அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் இந்தப் பெயரோடுதான் பல மாநிலங்களின் மானாவாரி நிலங்களுக்குப் போயிருக்கின்றன. முதுகலை மாணவர்கள் ஆராய்ச்சி என்றதும் சென்னையை நினைக்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.) அதே எண்ணிக்கையைப் படிப்புக்கும் போட்டுப் பார்க்கலாம்.

மயிலம் பக்கத்திலிருந்து வந்து எம்.காம். சேர்ந்திருக்கும் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். நெட்தான் அவளுடைய தேர்வு. ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டு டிசம்பர் சுற்று அவளுடைய முதல் முயற்சி, படிப்பு முடியும் நேரத்து ஜூன் சுற்று இரண்டாவது. ஆகஸ்டிலிருந்து அடுத்த ஆண்டு டிசம்பர் வரை ஏறக்குறைய எழுபது வாரம். செமஸ்டர் தேர்வு, தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம், அறுவடை, காய்ச்சல் என்று பத்து வாரத்தைக் கழித்துவிடலாம். மீதி அறுபது. தினமும் பேருந்தில் போய் வந்து, வீட்டில் கொஞ்சம் வேலையும் பார்க்கும் ஒருத்தியால் வகுப்புப் பாடம் போக வாரத்துக்குப் பத்து மணி நேரம் உருப்படியாக ஒதுக்க முடிந்தால் அதுவே பெரிது. ஆக, கையில் 600 மணி நேரம். நெட்டில் எல்லோருக்கும் பொதுவான முதல் தாளில் பத்து அலகு. வணிகவியல் தாளில் பத்து அலகு. இருபது அலகு, ஒன்றுக்கு முப்பது மணி நேரம்.

இந்தக் கணக்கைப் போட்டவுடனேயே ‘நெட் எழுதணும்’ என்ற வாக்கியம் உருவம் மாறிவிடுகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு அலகு. இந்த மூன்று வாரத்தில் எந்த அலகு? சென்ற மூன்று வாரத்தில் முடிந்ததா? முடியவில்லை என்றால் எந்த வாரத்திலிருந்து நேரம் எடுப்பது? எல்லாமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இன்னொன்றும் தெரிகிறது: எம்.காம். வகுப்பிலேயே படிக்கும் கணக்கியல், வருமான வரி, புள்ளியியல் எல்லாம் இரண்டாம் தாளின் அலகுகளோடு ஒன்றுகின்றன. அந்த அலகுகளை செமஸ்டர் போகும் போக்கில் முடித்து, மிச்சப்படும் நேரத்தை முதல் தாளுக்குக் கொடுக்கலாம். தேர்வில் முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். மூன்று மணி நேரம் ஒரே அமர்வு, தவறான விடைக்குக் கழிவு இல்லை. முதல் தாளை அலட்சியம் செய்து, பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தும் கடைசியில் ஜே.ஆர்.எஃப்.ஐத் தவறவிடுவது துறையில் எல்லோரும் அறிந்த வருத்தம்.

குறிக்கோளைத் தெளிவாக, கொஞ்சம் கடினமாக வைத்தால் பலன் கூடும் என்பது வெறும் அறிவுரை இல்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968-லும் பிறகு கேரி லாதமோடு சேர்ந்தும் இதை ஆராய்ந்தார். லாதம் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களிடம் பார்த்தார். “உங்களால் முடிந்தவரை ஏற்றுங்கள்” என்று சொன்னபோது சட்டம் அனுமதிக்கும் எடையில் அறுபது விழுக்காடு அளவே ஏற்றி வந்தார்கள். தொண்ணூற்று நாலு விழுக்காடு என்று குறிப்பாகச் சொன்னபின் சில வாரங்களில் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். கூடுதல் கூலி எதுவும் கொடுக்கவில்லை. எண் ஒன்றுதான் புதிது. நம் வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்லும் “நல்லாப் படி” அந்த “முடிந்தவரை ஏற்று” போலத்தான்.

ஆனால் இதே ஆய்வாளர்கள் பின்னாளில் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார்கள். அதைத்தான் முதல் செமஸ்டர் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். ஒரு வேலையே புதிதாகவும் சிக்கலாகவும் இருக்கும்போது, எடுத்தவுடன் கடினமான எண்ணை வைத்தால் ஆள் பதறிப்போய்க் கிடைத்த வழியில் ஓடுகிறார். அந்தக் கட்டத்துக்கு ஏற்றது கற்கும் குறிக்கோள்: இத்தனை மதிப்பெண் என்று வைக்காமல், இன்னின்னதைத் தெரிந்துகொள்வேன் என்று வைப்பது. முதுகலையின் முதல் மூன்று மாதம் அப்படிப்பட்டது. துறைப் பேராசிரியர்கள் ஒவ்வொருவரும் எதில் முனைவர் பட்டம் செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. தன் பாடத்தின் பழைய நெட் வினாத்தாள்களை விடை தெரியாவிட்டாலும் வாசித்துப் பார்ப்பது. ஷோத்கங்கா தளத்தில் தமிழகப் பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றைத் திறந்து, முதல் இயலையாவது படிப்பது. சென்ற ஆண்டு படிப்பை முடித்த சீனியர் ஒருவர் இப்போது என்ன செய்கிறார் என்று விசாரிப்பது. ஆராய்ச்சி பிடிக்குமா என்ற கேள்விக்கு ஒரு ஆய்வேட்டை நாற்பது பக்கம் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விழுப்புரத்துக்காரர் ஒருவரின் கதை இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது திட்ட இயக்குநராக இருந்த ப. வீரமுத்துவேல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா ரயில்வே ஊழியர். இவர் படித்தது விழுப்புரம் ரயில்வே பள்ளியில். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அதில் எடுத்த நல்ல மதிப்பெண் சென்னையில் சாய்ராம் பொறியியல் கல்லூரியில் பி.இ. படிக்க வழிவிட்டது. அங்கிருந்து திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.இ. (இன்று அது என்.ஐ.டி.). பிறகு தனியார் வேலை, எச்.ஏ.எல்., அப்புறம் இஸ்ரோ. இஸ்ரோவில் பணியாற்றிக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். செயற்கைக்கோளின் மின்னணுப் பெட்டிகளில் ஏற்படும் அதிர்வை அடக்குவது பற்றிய ஆய்வு.

இந்த வரிசையை மேலோட்டமாகப் பார்த்தால், சின்ன வயதிலேயே நிலவைக் குறிவைத்த ஒருவரின் பயணம் போலத் தெரியும். அவரே பேசியதைக் கேட்டால் அப்படி இல்லை. பத்தாம் வகுப்பு முடித்தபோது அடுத்து என்ன படிப்பதென்றே தெளிவில்லாமல்தான் இருந்திருக்கிறார். நண்பர்களைப் பார்த்து டிப்ளமோவுக்குப் போனார். விண்வெளித் துறையில் ஆசை படித்துக்கொண்டே போகும்போதுதான் வந்தது. எனக்கு இதில் பிடிபடுவது ஒன்று. ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான தகுதியை அவர் இறுக்கமாகப் பிடித்திருக்கிறார். டிப்ளமோவின் மதிப்பெண் இல்லாமல் பி.இ. இல்லை, பி.இ. இல்லாமல் திருச்சி இல்லை. கடைசி இலக்கு மங்கலாக இருந்த காலத்திலும் அடுத்த வாசல் எது, அது என்ன கேட்கிறது என்பது தெளிவாக இருந்தது. இருபத்தோரு வயதில் வாழ்க்கை முழுவதற்குமான பதிலை எழுதச் சொல்லி உங்களை யாரும் நெருக்க வேண்டாம். அடுத்த வாசலை மட்டும் எழுதுங்கள். பெரிய ஆசை வளர நேரம் இருக்கிறது.

எழுதிய குறிக்கோள் அன்றாட நாளுக்குள் எப்படி நுழைவது? ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில், பண்டிகை நாளை எப்படிக் கழித்தார்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார். சும்மா ஒப்புக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே சொன்ன நேரத்தில் அனுப்பினார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் பத்தில் ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்ற ஒரு முடிச்சு போதும். ரயிலில் போய் வருகிறவருக்கு: விழுப்புரத்தில் வண்டி கிளம்பியதும் முதல் தாளில் பத்துக் கேள்வி, திண்டிவனம் வருவதற்குள் முடித்துவிடலாம். வீட்டில் சத்தம் என்றால்: வகுப்பு விட்டதும் பேருந்து நிலையத்துக்குப் போகாமல் நேராக நூலகத்தில் ஒரு மணி நேரம். “தினமும் படிப்பேன்” என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாரம் செய்து பார்த்தால் உணரலாம்.

இதுவரை வேலை பற்றியே பேசிவிட்டோம். முதுகலை தொடங்கும் வயதில் சொந்த வாழ்க்கையின் முடிவுகளும் கூடவே வந்து நிற்கின்றன. அவற்றைத் தனியே வைத்துவிட்டுப் போடும் திட்டம் முதல் சம்பந்தம் வந்தவுடன் கலைந்துவிடும்.

பெற்றோரிடம் “இன்னும் படிக்கணும்” என்றால் அவர்களுக்கு அதற்கு முடிவே தெரிவதில்லை. அந்தப் பயத்தில்தான் அவசரப்படுகிறார்கள். தேதியோடு சொல்லிப் பாருங்கள். “அப்பா, அடுத்த வருஷம் டிசம்பர்ல ஒரு பரீட்சை, அதுக்கப்புறம் ஜூன்ல ஒண்ணு. அது ரெண்டும் முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்ப்பா. பாஸ் பண்ணா மாசம் முப்பத்தேழாயிரம் வரும். இல்லன்னா அப்ப உக்காந்து பேசலாம்.” எல்லா வீட்டிலும் இது எடுபடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தேதியும் தொகையும் இருக்கும் பேச்சை அப்பா பக்கத்து வீட்டிலும் பெரியப்பாவிடமும் திருப்பிச் சொல்ல முடியும். மகளுக்காக வாதாட அவருக்கும் கையில் ஏதாவது வேண்டுமே.

பணமும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்திருக்கும். அது இளநிலைப் படிப்போடு முடிகிறது. முதுகலை சேர்ந்த மாதத்திலிருந்தே அந்த ஆயிரம் இல்லை என்று கணக்கிட வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இன்ன மாதம் விண்ணப்பம் திறக்கிறது என்று கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை துணிக்கடையிலோ மருந்துக் கடையிலோ வேலைக்குப் போகிற பையன்கள் அந்த நேரத்தை மறைக்காமல் திட்டத்தில் போட வேண்டும். வாரத்துக்குப் பத்து மணி என்பது ஆறாகக் குறைந்தால் முதல் முயற்சியை ஜூனுக்குத் தள்ளுவதில் தோல்வி எதுவும் இல்லை.

சொந்தக் குறிக்கோள் என்று பேசும்போது திண்டிவனத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பேராசிரியர் பிரபா கல்விமணி, கல்யாணி என்று ஊர் அறிந்தவர். அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். அதே காலத்தில் இருளர் பழங்குடி மக்கள் மீது பொய்வழக்கும் வன்முறையும் பாய்ந்தபோதெல்லாம் அவர்களோடு நின்றார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை உருவாக்கினார். ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தினார். இயற்பியல் பட்டத்துக்கும் இருளர் குடியிருப்புக்கும் எந்தப் பாடத்திட்டத்திலும் தொடர்பு கிடையாது. ஊருக்குள் ஒரு கல்லூரி ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். உங்கள் தாளில் வேலைக்கான வரிகளுக்குக் கீழே, இந்த இரண்டு ஆண்டில் படிப்பைத் தவிர வேறு எதற்கு என் நேரத்தில் ஒரு பங்கு என்று ஒரு வரி இருக்கட்டும். தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தருவதாக இருக்கலாம், தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பாக இருக்கலாம், கூச்சம் விட்டு மேடையில் பேசக் கற்பதாகவும் இருக்கலாம்.

எழுதிய தாளை நாலு முறை திருத்த வேண்டியிருக்கும், செமஸ்டருக்கு ஒரு முறை. முதல் திருத்தம்தான் முக்கியம். அது முதல் செமஸ்டர் முடிவு வந்த வாரம். அப்போது மூன்று விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சேரும்போது தெரியாதவை: இந்தப் பாடம் உண்மையில் பிடிக்கிறதா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜமாகக் கிடைக்கிறது, உங்கள் மதிப்பெண் 50, 55 கோட்டுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே. அரியர் விழுந்திருந்தால் அதை முடிப்பதே இரண்டாம் செமஸ்டரின் முதல் குறிக்கோள். அரியரை வைத்துக்கொண்டு பட்டத்தைத் தள்ளிப்போட்டவர்கள் நெட்டில் பாஸ் செய்தும் சான்றிதழ் காட்ட முடியாமல் தவிக்க நேரும். பாடமே பிடிக்கவில்லை என்றால், அதையும் அந்தத் தாளில் எழுதிவிட்டு, நம்பிக்கையான ஒரு பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். “சார், எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல” என்று போய் நிற்பதைவிட, எழுதிய தாளோடு போனால் அவருக்கும் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவதென்று தெரியும்.

இதற்கிடையில் கையோடு முடித்துவைக்க வேண்டிய சில சான்றிதழ்கள் உண்டு. பி.சி., எம்.பி.சி. என்று மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்று நெட் போன்ற மத்தியத் தேர்வுகளுக்குப் போதாது, ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதவர் என்ற தனிச் சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் 50 விழுக்காடு சலுகையும் வயதுத் தளர்வும் கைவிட்டுப் போய்விடும். விண்ணப்பக் கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் நிற்காமல், அரையாண்டு விடுமுறையிலேயே போட்டுவிடலாம். தமிழ் வழியில் படித்ததற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு படித்த ஊர்ப் பள்ளிக்கும் ஒரு நாள் போய்வர வேண்டியிருக்கும்.